பாஸ்ட் இயர் இல்லாத பாடம்

எனக்கு ஜெர்மனி என்ற பெயரைக் கேட்டாலே எரிச்சல் வர ஆரம்பித்திருந்தது. அந்த நாட்டுக்கு நான் போனதில்லை. அந்த நாட்டுக்காரர் யாரும் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆனால் ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் இடைநிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியையாகச் சேர்ந்த நாளிலிருந்து, இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் அந்த நாடு எப்படிக் கெட்டுப்போனது என்பதைத்தான் வருடம் தவறாமல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பிள்ளைகள் எழுதுவது இங்கிலாந்திலிருந்து வரும் தேர்வு. கேள்வித்தாள் அங்கே தயாராகிறது, விடைத்தாள் அங்கே திருத்தப்படுகிறது. நடுவில் பினாங்கு வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்துவது மட்டும் என் வேலை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அந்தப் பாடத்திட்டத்தை நிறுத்தப்போவதாகத் தகவல் வந்தது. ஆசிரியர் அறையில் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. எங்கள் பிரின்சிபல் கறாரான ஒரு சீனப் பெண்மணி. அவர் என்னை அழைத்து, அடுத்த வருடம் பத்தாம் ஆண்டுக்கு வரும் பிள்ளைகளுக்குப் புதிய பாடத்திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள், வரலாற்றுக்கு நீங்கள்தானே பொறுப்பு என்றார். கையில் இரண்டு இருந்தன. முதலாவது, புதிய மொந்தையில் பழைய கள். அதே ஐரோப்பா, அதே ஜெர்மனி, அட்டை மட்டும் வேறு. இரண்டாவதில் பாதிக்கு மேல் தென்கிழக்காசியா. மலாயாவில் வெள்ளைக்காரர்கள், தோட்டத் தொழிலாளர்கள், ஜப்பான்காரன் காலம், அதற்குப் பிறகு நடந்த குழப்பங்கள். அதை மேசையருகே நின்றபடியே படித்து முடித்தேன். உட்காரப் பொறுமையில்லை.

ஆனால் அதற்குப் பாஸ்ட் இயர் கிடையாது.

பாஸ்ட் இயர் என்றால் கடந்த வருடங்களின் கேள்வித்தாள்கள். பினாங்கில் ஒரு பாடம் நல்ல பாடமா இல்லையா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தை முதலில் கேட்பது போல, பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். பாஸ்ட் இயர் இருந்தால் டியூஷன் இருக்கும். டியூஷன் இருந்தால் 'ஏ' இருக்கும். பள்ளிக்கு எதிரே உள்ள நகல் கடைக்காரர் அவற்றை வருடவாரியாக அடுக்கிச் சுருள் கம்பி போட்டு வைத்திருப்பார். பிள்ளைகள் அதைக் கரைத்துக் குடித்து, எந்த வருடம் எந்தக் கேள்வி வரும் என்று ஜோசியமே சொல்வார்கள். புதிய பாடத்துக்கு இங்கிலாந்துத் தேர்வு வாரியம் கொடுத்தது ஒரே ஒரு மாதிரித் தாள். அதை வைத்துக்கொண்டு எந்த டியூஷன் வாத்தியாரும் கடை திறக்க முடியாது.

என் கவலை அதுவல்ல. என் மகள் அப்போது ஒன்பதாம் ஆண்டில் இருந்தாள். என் பள்ளியிலேதான். நான் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதை முதலில் எழுதப்போவது அவளுடைய வகுப்பு. பத்தாம் ஆண்டில் வரலாறு கட்டாயமில்லை. வரலாறு அல்லது வணிகம், இரண்டில் ஒன்றை எடுக்கலாம். அவள் வணிகம் என்று ஏற்கெனவே மனத்தில் போட்டு வைத்திருந்தாள். என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பேனாவால் உள்ளங்கையில் பூ வரைந்துகொண்டிருப்பாள். பெற்ற தாயின் பாடம் அவளுக்கு அவ்வளவு சுவாரசியம்.

ஒருநாள் அந்த வகுப்பில் புதிய பாடத்தின் ஒரு துண்டை நடத்திப் பார்த்தேன். ஜப்பான்காரன் குண்டு போட்டதும், பினாங்கிலிருந்த வெள்ளைக்காரர்களை மட்டும் இரவோடு இரவாகப் படகேற்றி அக்கரைக்கு அனுப்பிவிட்டு, மற்ற எல்லாரையும் இங்கேயே விட்டுப் போன கதை. கையில் சில கடிதப் பகுதிகளையும் ஒரு படத்தையும் கொடுத்து, இவற்றை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டேன். வழக்கமாக இந்தக் கேள்விக்கு வகுப்பில் கொட்டாவிதான் பதிலாக வரும். அன்று ஒரு பையன் எழுந்து, அது நம்ம ஃபெர்ரி ஏறுற இடம்தானே டீச்சர் என்றான். அவ்வளவுதான், வகுப்பு கொதிக்க ஆரம்பித்துவிட்டது. அவர்கள் படகேறிப் போன மறுநாள் காலையில் போலீஸ் யார், அரிசிக் கடையைத் திறந்தது யார், ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தாரா என்று அடுக்கிக்கொண்டே போனது யார் தெரியுமா? கடைசி வரிசை. உள்ளங்கையில் பூவைக் காணோம்.

வீட்டுக்குப் போகும் வழியில் டத்தோ கிராமாட் சாலை நெரிசலில் எங்கள் காடி நகரவில்லை. அவள் வாய் ஓயவில்லை.

"அவங்க போறத யாருமே பாக்கலையாம்மா? பக்கத்து வீட்டுக்காரங்க? வேலைக்காரங்க?"

"பாத்திருப்பாங்க."

"பாத்துட்டு?"

"அதைத்தான் படிக்கணும்."

பிறகு, "இந்தப் பாடம்னா நான் ஹிஸ்டரி எடுக்குறேன். திரும்ப ஜெர்மனின்னா சாரிலா, நான் பிஸ்னஸ்தான்" என்றாள்.

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில். என் கணவரிடம் சொன்னேன். அவர் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். எதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். "அப்புறம் என்ன, ரெண்டாவதுதான் வேணும்னு போய்ச் சொல்லிட்டு வா" என்றார்.

அதைத்தான் நான் செய்யவில்லை.

பிரின்சிபல் அறிக்கை கேட்டிருந்தார். எழுத உட்கார்ந்தேன். இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வரலாற்றுத் தேர்வில் ஒரு பக்கம் சாய்ந்து எழுதுகிற பிள்ளைக்கு மார்க் வராது. ஒரு பக்கம் இப்படி, மறுபக்கம் அப்படி, ஆகவே ஓரளவுக்கு உண்மை என்று முடிக்க வேண்டும். அந்த 'ஓரளவுக்கு' இல்லாவிட்டால் மேல் மார்க் கிடையாது. இதை ஆயிரம் தடவை கரும்பலகையில் எழுதி எழுதி எனக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. பாசாரில் கெம்போங் மீனா தெங்கிரி மீனா என்று நான் இரண்டு பக்கமும் பேசி முடிப்பதற்குள் மீன்காரர் அடுத்த ஆளுக்கு நிறுத்துக் கொடுத்துவிடுவார். "தாலி கட்டுறதுக்கு முந்தி என்னைப் பத்தியும் இப்படித்தான் ரெண்டு பக்கம் எழுதிப் பாத்தியா?" என்று கணவர் கேலி செய்வார்.

அறிக்கையும் அப்படியே வந்தது. முதல் பாடத்தின் நன்மைகள், தீமைகள். இரண்டாம் பாடத்தின் நன்மைகள், தீமைகள். முதலாவது பாதுகாப்பானது, இரண்டாவது பிள்ளைகளுக்கு நெருக்கமானது, இரண்டுக்கும் தகுதி உண்டு. ஒரு மாணவி எழுதியிருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன். பிரின்சிபல் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, உங்களுக்கு எது வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். இரண்டுமே நல்லதுதான் என்று என் வாய் சொன்னது. சரி, அப்படியானால் சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் பேசுங்கள், அவர்கள் மனத்தையும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

சனிக்கிழமை காலை மண்டபத்தில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. பெற்றோர் பாடத்திட்டத் தாளையே விசிறியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளும் வந்திருந்தார்கள். என் மகள் தன் தோழிகளோடு ஜன்னலோரம் இருந்தாள். நான் நன்றாகத்தான் பேசினேன். இரண்டாவது பாடத்தைப் பற்றிப் பேசும்போது குரல் தானாக உயர்ந்ததை நானே கவனித்தேன். அவள் தோழிகளிடம் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவதையும் பார்த்தேன்.

கேள்வி நேரம் வந்தது. எதிர்பார்த்தது போலவே, பாஸ்ட் இயர் இருக்கிறதா என்று நாலைந்து பேர் கேட்டார்கள். இல்லை என்றேன். அதன் பிறகு ஒருவர் எழுந்தார். பீச் ஸ்ட்ரீட்டில் கணக்காய்வு அலுவலகம் வைத்திருப்பவர், மூன்று தலைமுறையாக இங்கே வட்டிக்கடையும் வியாபாரமும் செய்த செட்டியார் குடும்பத்துப் பிள்ளை. அவர் மகனும் அந்த வகுப்பில்தான் இருந்தான். மிக மரியாதையாக, ஆங்கிலத்தில், ஒன்றே ஒன்றுதான் கேட்டார். உங்கள் மகளும் இந்த வகுப்பில்தானே இருக்கிறாள், அவளை இந்தப் பாடத்தில் சேர்ப்பீர்களா?

இந்த ஊரில் இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. டியூஷன் வாத்தியார் தன் பிள்ளையை எந்த டியூஷனுக்கு அனுப்புகிறார், பள்ளி ஆசிரியை தன் பிள்ளையை எந்தப் பள்ளியில் போடுகிறார் என்று பார்த்துத்தான் மற்றவர்கள் நடப்பார்கள். விசிறிகள் நின்றுவிட்டன. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

'ஆமாம்' என்று ஒரு சொல். அது என் நாக்கில் வரவில்லை. அவள் பிறகு சட்டம் படிக்க ஆசைப்படுவது, அதற்கு வேண்டிய மார்க், மாதிரித் தாள் ஒன்றுதான் இருப்பது எல்லாம் ஒரே நொடியில் தலைக்குள் ஓடின. நான் சொன்னது இதுதான்: அது அவள் எடுக்க வேண்டிய முடிவு. ஒரு பக்கம் பார்த்தால் இந்தப் பாடம் அவளுக்குப் பொருந்தும். மறுபக்கம், மார்க்கையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்த மனிதர் சிரித்தபடி, இந்தத் தடவை தமிழில், "ஊருக்குத்தான் உபதேசமா டீச்சர்?" என்றார். தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் அவர்கள் சிரித்ததைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தபோது அவள் தோழிகள் மட்டும் இருந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் பிரின்சிபல், முதல் பாடத்தையே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது, திங்கட்கிழமை வாரியத்துக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார். நான் தலையை ஆட்டினேன்.

வீட்டில் அவள் கோபித்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. கோபமே இல்லை. சாதாரணமாகச் சாப்பிட்டாள், தொலைபேசியில் தோழியிடம் வணிகத்துக்கு எந்த ஆசிரியர் வருவார் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். நான் அறைக்கும் கூடத்துக்கும் நடந்தேன். துவைத்த துணியை மடித்தேன், அதையே மறுபடி உதறி மடித்தேன். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால். கொஞ்சம் உக்காருலா" என்று கணவர் அதட்டினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, வழக்கம் போல கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் கறிச்சோறு வாங்கப் போனோம். காடி நிறுத்த இடம் தேடிக் கணவர் சுற்றிக்கொண்டிருந்தார். நானும் அவளும் வரிசையில் நின்றோம். வரிசை நடைபாதை முடியும் வரை வளர்ந்திருந்தது. முன்னால் நின்றவர் கறி ஒவ்வொன்றையும் விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்கு இதற்கு மேல் தாங்கவில்லை.

"நீ அந்தப் பாடத்துல சேரணும்னு எனக்கு ஆசை" என்றேன்.

அவள் தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இப்ப என்னம்மா? அதான் முடிஞ்சிருச்சே."

"முடியல. நாளைக்குத்தான் சொல்லப்போறாங்க."

"அப்ப நேத்து ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன்."

"என் மார்க்குக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நல்ல தாய் சொல்லும் பதில் அது. அவளும் நம்பியிருப்பாள். ஆனால் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது எனக்குப் பொய் வரவில்லை.

"அது பாதிதான். மீதி என் பேருக்கு. நீ கொறைவா எடுத்தா, டீச்சர் பொண்ணே எடுக்கலன்னு சொல்லுவாங்க. அதுக்குப் பயந்தேன்."

அவள் தொலைபேசியைப் பைக்குள் போட்டாள். வரிசை நகர்ந்ததை இருவரும் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற மலாய்க்கார அம்மா மெதுவாக முதுகைத் தட்டி முன்னால் போகச் சொன்னார்.

"நான் வேற மாதிரி நெனச்சேம்மா" என்றாள். "என்னால முடியாதுன்னு நெனச்சுத்தான் அப்படிச் சொன்னீங்கன்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மீன் ஆணத்துக்கும் ஆட்டுக்கறிக்கும் காத்து நிற்கும் கூட்டத்தில் அழுவதுபோல் அசிங்கம் வேறில்லை. கைக்குட்டையால் வியர்வையைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டேன். இல்லை, ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை என்றேன். அதற்கு எந்தப் பக்கமும் மறுபக்கமும் இல்லை.

"நான் சேர்றேன்" என்றாள். "ஆனா கொறைவா எடுத்தா எடுப்பேன். பாஸ்ட் இயர் இல்ல, டியூஷன் இல்ல, சுசாதான், கஷ்டம்தான். அப்ப நீங்க தாங்கிக்கணும். சும்மா இருந்து தாங்கணும், எல்லார்கிட்டயும் காரணம் சொல்லிட்டு இருக்கக் கூடாது."

"சரி" என்றேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டபோது வழக்கத்துக்கு மாறாக ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

திங்கட்கிழமை மணியடிப்பதற்கு முன்பே பிரின்சிபல் அறை வாசலில் நின்றேன். எனக்கு இரண்டாவது பாடம்தான் வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். பிள்ளைகள் அதற்கு விழித்துக்கொள்கிறார்கள், நானும் விழித்துக்கொள்கிறேன் என்றேன். வேறு காரணம் சொல்லவில்லை. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, இதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு நாளா என்றார். பெற்றோரை நீங்களே சமாளிக்க வேண்டும், மார்க் குறைந்தால் பதிலும் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். நான் பெற்றோர் ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசினேன். பாஸ்ட் இயர் கிடையாது, மார்க் குறையலாம், என் மகள் சேர்கிறாள் என்று இதே ஒழுங்கில் சொன்னேன். சிலர் பிள்ளைகளை வணிகத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். பலர் நின்றார்கள். பீச் ஸ்ட்ரீட்காரர் ஒரு நாள் அவகாசம் கேட்டு, பிறகு மகனைச் சேர்த்தார்.

இந்த இரண்டு வருடம் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன். எந்தக் கேள்வி வரும் என்று பிள்ளைகள் கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நடத்திய நான், இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் நாளே படித்துவிட்டுப் போகிறேன். வகுப்பில் சத்தம் அதிகம். பக்கத்து வகுப்புக் கணித ஆசிரியர் வந்து கதவைத் தட்டுகிறார். எனக்குப் பிடித்திருக்கிறது.

போன வாரம் ஒத்திகைத் தேர்வின் முடிவு வந்தது. உண்மையான தேர்வுக்கு முந்தியது இது, பெற்றோர் எல்லாரும் இதைத்தான் பார்ப்பார்கள். என் மகள் 'சி' எடுத்திருந்தாள். தாளைத் திருத்தியது நானே. அவள் மார்க்கைக் கூட்டிப் பார்த்தேன், மறுபடி கூட்டிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் அது 'சி'தான்.

அன்று பள்ளி விட்டதும் வாசலில் பீச் ஸ்ட்ரீட்காரர் மகனுக்காகக் காத்திருந்தார். அவன் 'பி' எடுத்திருந்தான். முகத்தில் அது தெரிந்தது.

"வாங்க டீச்சர். பையன் பி-தான். டியூஷன் இருந்தா ஏ வந்திருக்கும்." என் பக்கத்தில் பையோடு நின்ற என் மகளைப் பார்த்துவிட்டுக் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "உங்க மக?"

"சி, அண்ணே" என்றேன்.

அவர் மேலே ஏதோ எதிர்பார்த்து நின்றார். மனுஷன் கெட்டவரல்ல. நான் ஒரு காரணம் சொல்லியிருந்தால் உடனே ஒப்புக்கொண்டு ஆறுதலும் சொல்லியிருப்பார். அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் இருந்தது உண்மை. தாள் கடினமாக இருந்ததும் உண்மை. 'ஆனால்' என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நின்றது. விழுங்கினேன்.

"நான் தப்பா கேக்கல டீச்சர்" என்றார். "அந்த இன்னொரு பாடத்தையே எடுத்திருக்கலாம்னு இப்ப உங்களுக்குத் தோணலையா?"

தோன்றியது. அந்தத் தாளைத் திருத்திய நிமிடத்திலிருந்து தோன்றிக்கொண்டேதான் இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"எனக்குத் தோணல, அங்கிள்" என்றாள் என் மகள்.